கட்டுமானத்தில் கணினியும் தானியக்கமும்: முதலில் எங்கே நுழைய வேண்டும்?

ரசமட்டம்

வணக்கம். கட்டுமானத்தில் தானியக்கம் என்று பேச்செடுத்தாலே செங்கல் அடுக்கும் ரோபோ, வீட்டையே அச்சிடும் பிரிண்டர் என்று வீடியோக்கள் வந்து குவிகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நேரம் எங்கே கரைகிறது என்பது சைட்டில் நிற்பவர்களுக்குத் தெரியும். எந்த டிராயிங் கடைசியாக வந்தது என்று தேடுவதில் பாதி நாள் போகிறது. ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு, "கழிவுநீர்க் குழாய் இந்த இடத்தில்தான் இறங்கணும்" என்று பிளம்பர் வந்து நிற்பார். கட்டிய கம்பியைப் பிரிப்பதில் மீதி நாள் போகும்.

மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை பலருக்கும் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் உலக அளவில் கட்டுமானத் துறையின் உழைப்புத் திறன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் வளர்ந்தது என்கிறது அது. உற்பத்தித் தொழிலில் அதே வளர்ச்சி 3.6 சதவீதம். இதைக் காட்டித்தான் எல்லோரும் ரோபோ வேண்டும் என்கிறார்கள்.

என் கட்சி வேறு. டிராயிங்கிலிருந்து கொத்தனார் கைக்கும் கம்பி கட்டுபவர் கைக்கும் போய்ச் சேரும் தகவலைத்தான் முதலில் சீராக்க வேண்டும். அது சரியாகாமல் கைவேலையை மெஷினுக்குக் கொடுத்தால், தப்பான இடத்தில் வேகமாகக் கட்டுவோம், அவ்வளவுதான்.

என் கேள்வி இது: ஐந்தாறு மாடி, நடுத்தர அளவு வேலை. தனி ஐடி பிரிவெல்லாம் கிடையாது. இப்படிப்பட்ட சைட்டில் கணினியை எங்கே முதலில் கொண்டுவரலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாதிரிக்காரி

நான் பிம் (கட்டடத் தகவலோடு கூடிய கணினி மாதிரி) ஒருங்கிணைப்பு வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன குழாய்ப் பிரச்சினைதான் எனக்கு அன்றாட வேலை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியில் தூண், பீம், குழாய், டக்ட் (காற்றுக் குழாய்), கேபிள் டிரே (மின்கம்பித் தட்டு) எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, எது எதோடு மோதுகிறது என்று கணினியைத் தேடச் சொல்வதுதான் கிளாஷ் சோதனை. முதல் தடவை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் மோதல் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பலர் மென்பொருளையே மூடிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை ஒரே தவறின் நகல்கள். ஒரு குழாய் ஓட்டம் 50 மி.மீ. தாழ்ந்துவிட்டால் அது கடக்கிற எல்லாப் பீமிலும் தனித்தனி மோதலாக வரும். ஓட்டத்தை ஒரு தடவை திருத்தினால் மொத்தமும் மறைந்துவிடும். அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சரிவில் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் முதல் உரிமை. 60-க்கு 1 சரிவு என்றால் 9 மீட்டர் ஓட்டத்தில் 150 மி.மீ. இறங்கியாக வேண்டும், அதைத் தூக்க முடியாது. அடுத்தது பெரிய டக்ட். அப்புறம் அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள், ஸ்பிரிங்க்ளர். கேபிள் டிரே கடைசி, ஏனென்றால் அது எப்படி வேண்டுமானாலும் வளையும். இந்த வரிசையை மென்பொருள் சொல்லித் தராது. மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டும்.

உங்கள் அளவு சைட்டுக்கு முழுக் கட்டடத்தையும் மாதிரியாக்க வேண்டாம் என்பேன். கழிவறைத் தொகுதிகள், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், நடைபாதைக் கூரை, பம்ப் அறை, இந்த நாலு இடம் போதும். மோதல்களில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரே ஒரு தாள் எடுங்கள். ஸ்லீவ்களின் (குழாய் கடந்து போக ஸ்லாபில் விடும் உறைகளின்) இடம் மட்டும் அதில் இருக்க வேண்டும். கிரிட் கோட்டிலிருந்து (தூண் வரிசைக் கோடு) இரண்டு அளவு, குழாய் விட்டம், அவ்வளவுதான். கட்டமைப்பு, மின்சாரம் எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் சென்டரிங் பலகையில் நின்று அந்தத் தாளை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தால் முடிந்தது.

முதல்மாடி

மேடம், பிம் என்றால் ரெவிட் வாங்கித்தான் ஆக வேண்டுமா? எங்கள் கட்டட வடிவமைப்பாளர் வேறு மென்பொருள் பயன்படுத்துகிறார்.

மாதிரிக்காரி

வேண்டியதில்லை. ஐஎஃப்சி என்று பொதுவான கோப்பு வடிவம் இருக்கிறது, 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்று சர்வதேசத் தரமாகவே வந்துவிட்டது. ஆளுக்கொரு மென்பொருளில் வேலை செய்து ஐஎஃப்சியாக ஏற்றுமதி செய்யலாம், இலவசப் பார்வை மென்பொருளில் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: எல்லோரும் ஒரே ஆதிப் புள்ளியையும் ஒரே அலகையும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் மாதிரி ஒரு மூலையிலும் கட்டடம் ஒரு மூலையிலும் போய் நிற்கும். முதல் கூட்டத்திலேயே ஒரு சின்னக் கனசதுரத்தைக் குறிப்பிட்ட கிரிட் சந்திப்பில் வைத்து, எல்லோருடைய கோப்பிலும் அது ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கம்பிக்கணக்கு

குழாயை விடுங்கள் சார், கம்பியில் தொடங்குங்கள். செலவு இல்லை, ஒரு ஸ்பிரெட்ஷீட்டே போதும்.

பார் பெண்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பி எத்தனை, எவ்வளவு நீளம், எப்படி வளைப்பது என்ற பட்டியல்) எல்லோரும் போடுகிறோம். ஆனால் அதை வைத்து எந்தக் கம்பியிலிருந்து எந்தத் துண்டு வெட்டுவது என்பதைத் தரையில் நிற்பவர் தலையில் விட்டுவிடுகிறோம். அவர் என்ன செய்வார், ஒரு அளவை எடுத்து அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

16 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம். தேவை: 5.2 மீட்டரில் 20 துண்டு, 3.4 மீட்டரில் 30 துண்டு, 1.6 மீட்டரில் 20 துண்டு.

ஒவ்வொரு அளவாக வெட்டினால் 5.2-க்கு ஒரு கம்பியில் இரண்டு துண்டு, ஆக 10 கம்பி. 3.4-க்கு ஒரு கம்பியில் மூன்று, இன்னொரு 10 கம்பி. 1.6-க்கு ஒரு கம்பியில் ஏழு, ஆக 3 கம்பி. மொத்தம் 23.

கலந்து வெட்டிப் பாருங்கள். 5.2 + 5.2 + 1.6 என்றால் சரியாக 12. இப்படி 10 கம்பி. 3.4 மூன்று, 1.6 ஒன்று என்றால் 11.8. இப்படி 10 கம்பி. எல்லாத் துண்டும் வந்துவிட்டது, மொத்தம் 20 கம்பி. மூன்று கம்பி மிச்சம். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 1.58 கிலோ, ஆக 36 மீட்டருக்கு சுமார் 57 கிலோ. ஒரு சின்னப் பட்டியலிலேயே இவ்வளவு.

இது புதிய விஷயமும் இல்லை. கணிதவியலாளர் கான்டொரோவிச் 1939-லேயே இந்த வகை வெட்டுக் கணக்கை எழுதிவிட்டார், கில்மோரும் கோமரியும் 1961-இல் பெரிய பட்டியலுக்கும் தீர்க்கிற வழியைக் கொடுத்தார்கள். காகித ஆலையிலும் கண்ணாடி வெட்டும் இடத்திலும் எப்போதோ வந்துவிட்டது. நம் கம்பி யார்டுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சாரம்

> 5.2 + 5.2 + 1.6 என்றால் சரியாக 12

காகிதத்தில் சரி. சைட்டுக்கு வரும் கம்பி சரியாக 12 மீட்டர் இருக்குமா? முனை வளைந்திருக்கும், சிலது இரண்டு செ.மீ. குறையும்.

கம்பிக்கணக்கு

நியாயமான கேள்வி. அதனால்தான் எந்தத் துண்டு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வடிவமைப்பாளரிடம் முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஹூக் (முனை வளைவு) உள்ள துண்டில் கை வைக்கவே கூடாது. லாப் (இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்) நீளத்தில் கூடுதல் இடம் விட்டிருக்கும் நேர்த்துண்டாக இருந்தால் அவர் ஒப்புக்கொண்ட அளவுக்குள் சமாளிக்கலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கணக்கில் கம்பி நீளத்தை 11.95 என்று கொடுத்துவிடுங்கள், கணினி வேறு சேர்க்கை தேடித் தரும். எப்படி இருந்தாலும் ஒவ்வொரு அளவாக வெட்டுவதைவிட மேல்.

வெட்டும் பட்டியலை யார்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வெட்டுபவரைக் கேட்டு எழுதுங்கள். மீதித் துண்டுகளை நீளவாரியாக அடுக்கி வைத்து அதையும் அடுத்த கணக்கில் இருப்பாகச் சேருங்கள்.

இயந்திரக்கை

ரோபோவை இவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட வேண்டாம். நான் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் ஷிமிசு நிறுவனம் 1983-லேயே எஃகு பீம்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு தெளிக்கும் ரோபோவை சைட்டில் இறக்கியது. 1990-களில் ஷிமிசு, ஒபயாஷி போன்ற நிறுவனங்கள் கட்டடத்தின் தலைமேல் ஒரு தொழிற்சாலைக் கூரையையே வைத்து, மாடி மாடியாக அதை ஏற்றிக்கொண்டே போய்க் கட்டின. தொழில்நுட்பமாக அது வேலை செய்தது. ஆனால் பொருத்தவும் பிரிக்கவும் ஆகும் செலவைத் தாங்க, ஒரே மாதிரியான மாடிகள் நிறைய இருக்க வேண்டியிருந்தது. பொருளாதாரம் சரிந்ததும் அந்த முறையும் ஓய்ந்தது.

அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது என்னவென்றால், முழுக் கட்டடத்தையும் மெஷினிடம் கொடுக்கப் போகாமல் ஒரே ஒரு வேலையை எடு, அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தைத் தேடு என்பதுதான். ஹில்டி 2020-இல் அறிவித்த ஜெய்பாட் கூரையில் துளை போடும் ரோபோ. துளைகளின் இடத்தை பிம் மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, தான் நிற்கும் இடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி மூலம் அறிந்துகொள்கிறது. டைபாட் என்ற ரோபோ பாலத் தளத்தின் மேல் பாலம் போலக் குறுக்கே நின்று கம்பிச் சந்திப்புகளைக் கட்டுகிறது. கம்பியைப் பரப்புவது மனிதர்கள்தான், குனிந்து ஆயிரக்கணக்கான முடிச்சுப் போடும் வேலையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. தரையில் சுவர்க்கோடு வரைந்துகொண்டே போகும் சின்ன ரோபோக்களும் வந்துவிட்டன.

செங்கல் ரோபோவையும் பாருங்கள். அமெரிக்காவில் வந்த சாம் என்ற மெஷின் சாந்து தடவிக் கல்லை வைக்கும். மூலையும் இணைப்புப் பூச்சும் கொத்தனார் கையில்தான். இது குறை என்று எனக்குத் தோன்றவில்லை, இப்படித்தான் வேலை பங்காகும் என்று நினைக்கிறேன். முப்பரிமாண அச்சுக்கும் இதே கதைதான். 2021-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் அச்சிட்ட வீட்டில் ஆட்கள் குடியேறினார்கள். ஆனாலும் மெஷின் தருவது சுவர். அஸ்திவாரம், கதவு ஜன்னல், மின்சாரம் எல்லாம் பழைய வழியில்தான் வந்தாக வேண்டும்.

ரசமட்டம்

நல்ல விளக்கம். ஆனால் நீங்கள் சொன்ன ஜெய்பாட் உதாரணமே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பிம் மாதிரி சரியாக இருந்தால்தான் அந்த ரோபோவுக்கு வேலை. மாதிரியில் ஹேங்கர் (குழாயைக் கூரையில் தொங்கவிடும் பிடி) இடம் நேற்று மாறி, ரோபோவில் முந்தாநாள் கோப்பு இருந்தால்?

இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிற்சாலையில் வேலை மெஷினைத் தேடி வருகிறது. இங்கே மெஷின் வேலையைத் தேடிப் போக வேண்டும், அதுவும் தினமும் மாறும் தரையில். காலையில் காலியாக இருந்த இடத்தில் மதியம் முட்டுக்கால்கள் நிற்கும், ஓரத்தில் கைப்பிடி இல்லாத பள்ளம் இருக்கும், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். மெஷினுக்குப் பாதை ஒழுங்குபடுத்தவே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

மண்வேலை

உங்கள் பேச்செல்லாம் மாடி மேலேயே இருக்கிறது, கீழே வாருங்கள். தானியக்கம் உண்மையிலேயே நிலைத்துவிட்ட இடம் மண்வேலை. ஜப்பான் அரசு 2016-இல் ஐ-கன்ஸ்ட்ரக்ஷன் திட்டத்தைத் தொடங்கியபோது ட்ரோன் அளவீட்டையும் மண்வேலை மெஷின்களையும்தான் முதலில் கையில் எடுத்தது.

எக்ஸ்கவேட்டரின் பூம், ஸ்டிக், பக்கெட் மூன்றிலும் சாய்வு உணரி இருக்கும், மேலே செயற்கைக்கோள் ஆன்டெனா. பக்கெட் நுனி எந்த மட்டத்தில் இருக்கிறது, வெட்ட வேண்டிய மட்டம் எது என்று ஆபரேட்டருக்குத் திரையில் தெரியும். சில மெஷின்கள் மட்டத்தைத் தாண்டி வெட்ட விடாமல் தானே நிறுத்திக்கொள்ளும். ஆர்டிகே திருத்தம் (தெரிந்த இடத்தில் நிற்கும் அடிநிலையம் அனுப்புவது) இருந்தால் சில செ.மீ. துல்லியம் கிடைக்கும். முன்பெல்லாம் முளை அடித்து, நூல் கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி ஸ்டாஃப் (மட்டம் பார்க்கும் அளவுகோல்) பிடித்துப் பார்ப்போம். பக்கெட் சுழலும் வட்டத்துக்குள் ஒருவர் ஸ்டாஃபோடு நிற்பதுதான் எனக்கு எப்போதும் பயம். அந்த ஆள் இப்போது அங்கே நிற்க வேண்டியதில்லை. வேகம், டீசல் மிச்சம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அடிநிலையத்துக்குத் தப்பான ஆயத்தொலைவு கொடுத்துவிட்டால் மெஷின் முறையிடாது. மொத்தப் பள்ளமும் நகர்ந்து போய்விடும், எல்லா அளவும் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்கும். அதனால் தினமும் காலையில் பக்கெட் பல்லைத் தெரிந்த ஒரு புள்ளியில் வைத்துத் திரையில் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும். உயரக் கட்டடத்தின் ஓரத்திலும் அடர்ந்த மரத்தடியிலும் சிக்னலை நம்ப வேண்டாம். முடிவான மட்டத்தை லெவல் கருவியில் பாருங்கள், செயற்கைக்கோள் அளவீடு உயரத்தைக் காட்டுவதில் கொஞ்சம் கூடுதலாகவே தடுமாறும்.

ஈரக்கான்கிரீட்

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஸ்லாபுக்குள் ஒரு வெப்பநிலை உணரி.

சென்டரிங் எப்போது பிரிக்கலாம் என்பதை நாள் கணக்கில் முடிவு செய்கிறோம், அல்லது க்யூப் (சோதனைக்கென்று வார்த்த கான்கிரீட் கட்டி) உடைத்துப் பார்க்கிறோம். க்யூப் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு வெப்பத்தில் கிடக்கிறது, ஸ்லாப் காற்றில் வேறு வெப்பத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் இறுகுவதில்லை. முதிர்வு முறை என்பது இதற்காக வந்தது, ஏஎஸ்டிஎம் சி1074 என்ற தரத்தில் விவரமாக இருக்கிறது. எளிய வடிவத்தில் கணக்கு இப்படி: கான்கிரீட்டின் வெப்பநிலையிலிருந்து ஓர் அடிநிலை வெப்பத்தைக் கழித்து, நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடிநிலையைச் சுழியம் என்று வைத்தால், 30 டிகிரியில் 24 மணி நேரம் என்பது 720. அதே 720-ஐ 18 டிகிரியில் எட்ட 40 மணி நேரம் ஆகும். ஒரே கலவை, ஒரே நாள் கணக்கு, ஆனால் வலிமை வேறு. உணரி இதைத் தானாகக் கூட்டி போனுக்கு அனுப்பிவிடும்.

மூன்று விஷயம் மறக்கக் கூடாது. அந்தக் கலவைக்கென்று முன்பே க்யூப் உடைத்து முதிர்வுக்கும் வலிமைக்கும் வளைகோடு போட்டிருக்க வேண்டும். சிமென்ட் மாறினால் வளைகோடும் மாறும். உணரியைக் கடைசியாகக் கொட்டிய, குளிர் படும் மூலையில் வையுங்கள், நடுவில் வைத்தால் நல்ல எண்தான் வரும். அப்புறம் மிக முக்கியமானது: வண்டியில் யாராவது தண்ணீர் ஊற்றிவிட்டால் உணரிக்குத் தெரியாது. அது வெப்பத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே க்யூப் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள், ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்ப்பதையும்.

தூக்குக்குண்டு

எல்லோரும் சைட் பக்கம் எழுதிவிட்டீர்கள். வடிவமைப்பு மேசையில் கணினி வந்து பல காலம் ஆகிவிட்டது, அங்கே நடந்தவற்றையும் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

1978 ஜனவரி 18 விடிகாலை, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் விளையாட்டு அரங்கின் பெரிய எஃகுக் கூரை பனிப்பாரத்தில் அப்படியே கீழே வந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் சுமார் 5,000 பேர் உள்ளே உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கணினிப் பகுப்பாய்வை நம்பிக் கட்டிய முப்பரிமாணச் சட்டகம் அது. கட்டும்போதே கூரையின் தொய்வு கணக்கிட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சைட்டிலிருந்து கேள்வி எழுந்தது. கணக்கு சரி என்று பதில் வந்தது. இறுக்குச் சட்டங்கள் தாங்கிப் பிடிக்கும் என்று மாதிரியில் வைத்திருந்த அனுமானம் உண்மையில் இல்லை.

1991 ஆகஸ்ட் 23, நார்வேயில் ஸ்லீப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீரில் தாழ்த்திச் சோதித்தபோது சுவர் பிளந்து மூழ்கிவிட்டது. ஃபைனைட் எலிமென்ட் (கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) வலைப்பின்னல் அந்த இடத்தில் கரடுமுரடாக இருந்ததால், வெட்டு விசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அந்த இடத்தின் கம்பி விவரமும் போதாமல் இருந்தது. பிறகு சரியாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் 65 மீட்டரில் உடைந்தது. சரியாகக் கேட்டிருந்தால் கணினி சரியாகவே பதில் சொல்லியிருக்கும்.

நான் இளைஞர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். மென்பொருள் முடிவைத் திறந்ததும் அஸ்திவாரத்துக்கு வரும் மொத்தப் பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். தளப் பரப்பைச் சதுர மீட்டருக்கான சுமையால் பெருக்கி, மாடி எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகைக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும். ஒரு மாடி விட்டுப்போயிருந்தால் அங்கேயே பிடிபடும். அடுத்து, ஒரு சாதாரண பீமை எடுத்து, அதன் நடுவில் வரும் வளைக்கும் திருப்புவிசையை, மீட்டருக்கான சுமை பெருக்கல் நீளத்தின் வர்க்கம், வகுத்தல் 8 என்று கையால் போடுங்கள். திரையில் இருக்கும் எண் அதைவிடப் பல மடங்கு தள்ளி நின்றால் டிராயிங் வெளியே போகக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சைட்டில் அளந்த அளவு கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் அளந்தவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஹார்ட்ஃபோர்டில் எச்சரிக்கை கிடைத்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல்மாடி

ஐயா, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே. போட்டோவைக் காட்டினால் விரிசலைக் கண்டுபிடிக்கிறது, வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்கிறது. அதை நம்பலாமா?

தூக்குக்குண்டு

விரிசல் எங்கே இருக்கிறது என்று தேட அது நல்ல கண். பாலத்தின் அடிப்பக்கம் முழுக்க ட்ரோன் எடுத்த படங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது கொடுமை, அங்கே அது உதவும். விரிசல் ஏன் வந்தது, காய்ந்து சுருங்கியதா, வெட்டு விசையா என்பதைச் சாய்வு, இடம், கம்பி, சுமை எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். கையெழுத்துப் போடுபவர் பொறியாளர், பொறுப்பும் அவருடையதே.

மேஸ்திரிமகன்

எல்லாம் படித்தேன். யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பெரிய சைட்டில் கணினி வந்தது என்றால், முதலில் வந்தது முகம் பார்த்து வருகை பதியும் மெஷின். அடுத்தது கேமரா. அதற்கடுத்து, யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று தினமும் ஓர் அறிக்கை. ஆனால் கம்பி கட்டுபவருக்கு வந்த டிராயிங் பழைய மாதிரியே மங்கிய நகல், பாதி எண் படிக்க முடியாது. தகவல் கீழிருந்து மேலே மட்டும் போனது, மேலிருந்து கீழே எதுவும் வரவில்லை. இதைக் கணினிமயம் என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பீமும் தூணும் சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமிருந்து மேல்கம்பி வருகிறது, தூண் கம்பி நேராகப் போகிறது, அதற்குள் ரிங் (தூண் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) போட வேண்டும். எந்தப் பீமின் கம்பி மேலே, எது கீழே என்று தட்டையான டிராயிங்கில் புரியாது. அப்பா வயதில் இருக்கும் மேஸ்திரிகள் அனுபவத்தில் ஓட்டிவிடுவார்கள். புதிதாக வரும் பையன்கள் திணறுவார்கள், கடைசியில் ஒரு ரிங்கை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் நுழையாது. அந்த ஒரு சந்திப்பை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க போனில் கொடுத்தால் அவர்களே வரிசையைச் சொல்லிவிடுவார்கள்: முதலில் இதை விடணும், அப்புறம் ரிங், கடைசியில் அந்தப் பக்கக் கம்பி. மாதிரி செய்பவர்கள் அந்த ஆட்களை ஒரு தடவை உட்கார வைத்துக் கேட்டால், கட்டவே முடியாத விவரங்கள் டிராயிங்கிலேயே நின்றுவிடும்.

ரோபோ பற்றியும் சொல்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த வேலை உடம்பை முறிக்கிறதோ அதை முதலில் மெஷினுக்குக் கொடுங்கள் என்றால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கூரையில் துளை போடுவது, கான்கிரீட்டை உலர வெட்டி அந்தச் சிலிக்கா தூசியை மூச்சில் இழுப்பது, குனிந்தே முடிச்சுப் போடுவது. தோளும் நுரையீரலும் இடுப்பும் போன பிறகு அவர்களை யாரும் கேட்பதில்லை. அந்த மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் ஆளும், இதுவரை அந்த வேலையைச் செய்தவராகவே இருக்கட்டும். துளை போடும்போது டிரில் கம்பியில் இடித்தால் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். அந்த அறிவு வெளியிலிருந்து வருபவருக்குக் கிடையாது.

இயந்திரக்கை

உங்கள் பதிவை எங்கள் குழுவில் காட்டப் போகிறேன். கம்பியில் இடிப்பதை மோட்டார் சுமை மாற்றத்தில் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். சத்தத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

மாதிரிக்காரி

மேஸ்திரிமகன் சொன்ன பீம் சந்திப்பு முழுக்க உண்மை. மாதிரியில் கம்பி ஒரு கோடாக, சொன்ன விட்டத்திலேயே இருக்கும். நிஜத்தில் 25 மி.மீ. கம்பிக்கு ரிப்போடு சேர்த்தால் இடம் கூடுதலாக வேண்டும், வளைவுக்கு ஆரம் வேண்டும். முழுக் கட்டடத்துக்கும் கம்பி வரைய வேண்டாம். நெரிசலான நாலைந்து சந்திப்பை மட்டும் உண்மையான அளவில் வரைந்து கம்பி கட்டுபவரிடம் காட்டுங்கள். கான்கிரீட் உள்ளே போக இடம் இருக்கிறதா, வைப்ரேட்டர் ஊசி நுழையுமா என்றும் அதிலேயே பார்த்துவிடலாம்.

ரசமட்டம்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஸ்லாபுக்கு ஸ்லீவ் தாள், கம்பி வெட்டும் பட்டியல், மூலையில் ஓர் உணரி, இந்த மூன்றையும் செய்யப் போகிறேன். கூடவே இரண்டு சந்திப்புக்கு முப்பரிமாணப் படம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி: தாளைத் திருத்தி மறுபடி கொடுக்கும்போது பழைய தாள் சைட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதை எப்படி நிறுத்துகிறீர்கள்?

மாதிரிக்காரி

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கியூஆர் கட்டம் வையுங்கள். ஸ்கேன் செய்தால் "இது நடப்புத் தாள்" என்றோ "இது பழையது, புதியது இங்கே" என்றோ திறக்க வேண்டும். ஒரு பொதுக் கோப்புறையும் ஒரு பட்டியலுமே போதும், தனி மென்பொருள் வேண்டாம். கட்டத்தில் கோப்பின் நேரடி இணைப்பைக் கொடுக்காதீர்கள், தாள் எண்ணின் இணைப்பைக் கொடுங்கள். இல்லையென்றால் பழைய தாள் எப்போதும் பழைய கோப்பையே திறந்து "எல்லாம் சரி" என்று காட்டும்.

கம்பிக்கணக்கு

அதோடு, திருத்தத்துக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெளியீடு வெள்ளைத் தாள், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது பச்சை. புதியதைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத அடித்தளத்திலும், போன் இல்லாத ஆளுக்கும் நிறம் தெரியும்.